நாற்பது பேர் பாஸ், யூர்கா ஃபெயில்

ஹலோ... ஆமா, நான் இங்கேபியோர்தான் பேசறேன்... டோர்லைஃப், அங்க என்ன அப்படி அலறுது? காதைக் கிழிக்குதே... சோதனைச் சங்கா? ஆமா ஆமா, இன்னிக்கு வியாழக்கிழமை, வாராவாரம் அடிக்கிறதுதானே. சரி, ஜன்னலைச் சாத்திட்டுப் பேசுங்க.

ம்... ம்... பார்த்தேன். உங்க மீன் ஃபாக்டரியில நாப்பத்தோரு பேர். நான் தயார் பண்ணின ஆன்லைன் பாடத்துல நாப்பது பேர் பாஸ், யூர்கா மட்டும் மூணு தடவையும் ஃபெயில்... முடியாது. அவ மார்க்கை நான் மாத்த மாட்டேன்.

...திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தா வரட்டும்! குளிர் அறையில அமோனியா வாயு கசிஞ்சா எப்படித் தப்பிக்கிறதுன்னு சொல்லித்தர்ற பாடம் அது. உங்க சுவத்துல மாட்டுற சர்ட்டிஃபிகேட்டுக்காக எழுதல.

...மக்குன்னா சொல்றீங்க? யாரை, யூர்காவையா? லிதுவேனியாவுல இருந்து வந்த பொண்ணு, நம்ம மொழியில கேள்வி புரியாம திணறுறா. ஆனா "தப்பிச்சுப் போயிட்டிருக்கும்போதே காத்து திரும்பினா என்ன பண்றது?"ன்னு எனக்கு எழுதிக் கேட்டா. நானே யோசிக்காத விஷயம்!

...நான் திமிர் பிடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன். எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உள்ள நின்னு வேலையைப் பார்க்கணும்னு கேட்டேன். காபி குடுத்து அரை மணியில அனுப்பினீங்க. எழுதி முடிச்சு, அஞ்சு தொழிலாளிங்களை வச்சு ஓட்டிப் பார்க்கணும்னேன். யாரை அனுப்பினீங்க? உங்க மச்சானை! அவரு குளிர் அறைப் பக்கம் எட்டியாவது பார்த்திருக்காரா?

...இருங்க, நான் முடிச்சிடறேன். அந்த நாப்பது பேரும் என்னிக்குப் பரீட்சை எழுதினாங்க? போன ஞாயித்துக்கிழமை. ஃபாக்டரி பூட்டியிருந்த நாள். எல்லாமே உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து. ஆளுக்கு மூணு நிமிஷம்... பதிவு இருக்கு டோர்லைஃப், என் கண்ணு முன்னாடி இருக்கு! முதல் ஆளு ஏழாவது கேள்வியில தப்பு. அப்புறம் முப்பத்தொம்பது பேரும் வரிசையா சரி. என்ன ஒரு ஒத்துமை!

...ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடுங்க. போடுங்களேன்!... கத்தாதீங்க, அந்தச் சங்கு போதாதுன்னு நீங்க வேற...

டோர்லைஃப்... ஒரு நிமிஷம். சோதனைச் சங்கு பத்து செகண்டுல நின்னுடுமே. இன்னும் ஏன் அடிக்குது?... நெடியா? என்ன நெடி?... கண்ணு எரியுதா? ஐயோ, அது அமோனியா! ஜனங்க எல்லாம் எங்க?... உங்க ஆபீஸ் வாசல்லயா? எதுக்கு?... எந்தப் பக்கம் ஓடறதுன்னு உங்களைக் கேக்கறாங்களா!

கேளுங்க. கூரை மேல ஆரஞ்சுத் துணிக் குழாய் ஒண்ணு பறக்குமே, அது எந்தப் பக்கம் பறக்குது?... கொடி இல்ல, மேனேஜரே, காத்து அடிக்கிற திசையைக் காட்டுறது! ஏழாவது கேள்வியே அதுதான்!... மாடிக்கா? வேண்டாம், வேண்டாம், அந்த வாயு மேலதான் ஏறும்!

யூர்கா எங்க?... பக்கத்துலயா? ஃபோனை அவகிட்ட குடுங்க... ஆமா, ஃபெயிலானவதான்! மூணு தடவை தோத்தவதான்! அந்தப் பாடத்தை நிஜமா படிச்சது அவ ஒருத்திதான்யா, குடுங்க!