விழுந்த பெண்ணுக்குத் தட்டிய கை

வெயிலில் வெந்து வந்து விசிறியோடு வீற்றிருக்கும் இந்த அவையின் தலைவி, பதினேழு ஆண்டுகளாக நம் பெற்றோர் சங்கத்தைப் பிடித்த பிடி விடாமல் நடத்திவரும் ஓப்பல் ஹென்ஷா அம்மையார் அவர்களே! சொந்தப் பிள்ளைகளைக் காட்டிலும் நம் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கும் பயிற்சியாளர் மிஸ் ப்ரூவெட் அவர்களே! பருத்திக் காட்டைப் பாதியில் விட்டுவிட்டு, தொப்பியில் தூசியோடு வந்திருக்கும் தந்தைமார்களே! மகளின் கூந்தலை இழுத்துக் கட்டி, நாடா முடிந்து, நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! இந்த ஆண்டு முதன்முதலாக மகளை சியர்லீடிங் அணியில் சேர்த்துவிட்டு, மகிழ்வதா மருள்வதா என்று தெரியாமல் மூன்றாம் வரிசையில் முழித்துக்கொண்டிருக்கும் புதிய பெற்றோர்களே! உங்கள் அனைவருக்கும், பஞ்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் ஹோலிஸ் டக்கெட்டின் பணிவான மாலை வணக்கம்.

போன வாரம் ஓப்பல் அம்மையார் என்னைக் கூப்பிட்டார். "புதுசா வர்றவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லு, ஹோலிஸ். யாரையும் அழ வெச்சிடாதே" என்றார். சரி என்றேன். பொய் சொன்னேன், அம்மையாரே. மன்னித்துவிடுங்கள்.

நண்பர்களே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகள் மார்லி, பதினான்கு வயது, சமையலறையில் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். "அப்பா, சியர் அணியில சேரப் போறேன். கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பந்தைப் பிடிக்கத் தெரியாத பசங்களுக்கு என் பொண்ணு எதுக்குக் கத்தணும்? அவனுங்க உனக்காகக் கத்துவானுங்களா?" என்றேன். பாவாடையின் நீளத்தைப் பற்றிப் பேசினேன். படிப்பைப் பற்றிப் பேசினேன். மூன்று பெண்களின் உள்ளங்கையில் ஒரு பெண் ஏறி நிற்பதைப் பற்றியும் பேசினேன். "கோழிக் கொட்டகைக் கூரை மேல ஏறினதுக்கே உன்னைத் திட்டினவன்டீ நான்!" என்றேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இந்த இடம் வரை சிரிக்கலாம்.

என் மனைவி நடீன்தான் காகிதத்தை வாங்கினாள். "ஹோலிஸ், நீ பேசி முடிச்சிட்டியா? முடிச்சிட்டேன்னா பேனாவைக் கொடு" என்றாள். அந்தக் காலத்தில் அவளும் இதே அணிக்கு முயன்றவள். தேர்வுப் பட்டியலில் பெயர் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். கையெழுத்துப் போட்டாள். நான் முணுமுணுத்துக்கொண்டே அதன் கீழே போட்டேன்.

ஆனால் கேளுங்கள், பெற்ற மனம் என்ன செய்தது என்று கேளுங்கள்! அணியில் சேர்ந்த பெண்ணின் வீட்டு முற்றத்தில், நம் பள்ளி அணியின் சின்னமான குளவியை மரப்பலகையில் செய்து, அவள் பெயரெழுதி நட்டு வைப்பது நம் ஊர் வழக்கம் அல்லவா? நான் அதை நட மாட்டேன் என்று சபதம் போட்டவன். ஒரு சனிக்கிழமை காலையில் நானே பலகை அறுத்தேன். நானே மஞ்சள் அடித்தேன். நானே கறுப்புக் கோடு போட்டேன். பக்கத்து வீட்டுக் குளவியைவிட ஒரு சாண் உயரமாக நட்டேன். வீட்டிலே எதிர்த்தவன் அரங்கிலே எழுந்து நின்றேன். வீட்டிலே ஆதரித்த நடீனோ, மார்லி மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள். அந்தப் பைக்குள் தேடுவதற்கு ஒன்றும் கிடையாது, நண்பர்களே. நான் பார்த்திருக்கிறேன்.

இது பெருமையா, பயமா? ஆசையா, அச்சமா? இரண்டும்தான். ஒரே நெஞ்சுக்குள் இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இருந்தன. உங்களுக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் நாள். பிற்பகல் இரண்டரை மணி. இதே கூடம். இதே தரை. ஆட்டத்துக்கு முன்னே ஊரே கூடி ஆரவாரம் செய்யும் நேரம். வங்கியை அடைத்துவிட்டு வந்தார்கள். பஞ்சாலையை நிறுத்திவிட்டு வந்தோம். மார்லியைத் தூக்கினார்கள். அவள் காலைப் பிடித்திருந்த பெண்ணின் கை வியர்வையில் வழுக்கியது. மார்லி பின்பக்கமாகச் சரிந்தாள். அவள் பின்தலை கீழே நின்றவளின் முழங்காலில் மோதியது. அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, முரசு அடித்துக்கொண்டிருந்தது.

எழுந்தாள். எழுந்து சிரித்தாள். இரண்டு கை முஷ்டியையும் உயர்த்திக் காட்டினாள். விழுந்த பெண் எழுந்தால் ஊரே எழும். அது நம் வழக்கம். எழுந்தோம். தட்டினோம். காலால் பலகையை உதைத்தோம். நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். குழந்தையாக இருந்தபோது காட்டில் விளையாடப் போனவளைச் சாப்பிடக் கூப்பிடுவேனே, அதே விசில். ஆயிரம் பேர் கத்தினாலும் அவளுக்கு அது தெரியும்.

மிஸ் ப்ரூவெட் ஓடிவந்து கேட்டார். அவளும் ஏதோ சொன்னாள். நாம் போட்ட கூச்சலில் அது அவர் காதில் விழவே இல்லை. அவள் தலையை ஆட்டியதை மட்டும் பார்த்தார். உங்கள் மேல் குற்றம் இல்லை, மிஸ் ப்ரூவெட், அழாதீர்கள். நீங்கள் அழுதால் என்னால் பேச முடியாது.

மறுபடி ஏறினாள். உச்சிக்குப் போனாள். ஒற்றைக் காலில் நின்றாள். எங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவள், ஆளில்லாத பக்கச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். நடீன் அன்றைக்கு மட்டும் குனியாமல் பார்த்தாள். "ஹோலிஸ், என் பொண்ணுக்குக் கண்ணு தெரியல" என்றாள். நான் படியிலிருந்து இறங்குவதற்குள் மார்லி விழுந்துவிட்டாள்.

பத்து மாதம் ஆகிறது. ஒரு பக்கம் படித்தால் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். பள்ளிக்கூட மணிச் சத்தம் தாங்காமல் அங்கே போவதை நிறுத்தியாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் ஆசிரியை வீட்டுக்கு வருகிறார். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்க வார்த்தை வராமல், விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதினாறு வயது, நண்பர்களே.

பிப்ரவரி மாதம் ஒரு காலையில் அவளே பேசினாள். "அப்பா, முதல் தடவை விழுந்தப்பவே எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"மிஸ் கேட்டாங்க. முடியலன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போ உங்க விசில் கேட்டுச்சு."

"கேட்டா என்னடா கண்ணு?"

"வேணாம் வேணாம்னு சொன்ன நீங்களே எழுந்து நிக்கிறீங்க. அதுக்கப்புறம் நான் எப்படி அப்பா உட்காருவேன்? தலையை ஆட்டிட்டேன்."

கோபத்தோடு சொல்லவில்லை. குற்றம் சாட்டவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் எழுந்து கொட்டகைக்குப் போய், அணைந்து கிடந்த டிராக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தொரு வயதில் வாய்விட்டு அழுதேன்.

என்ன ராய்ஸ்? எழுந்து சொல். "பந்து ஆடுற பசங்களும்தான் விழறானுங்க, ஹோலிஸ்!" என்கிறாயா? விழுகிறார்கள். உன் மகன் சென்ற ஆண்டு இரண்டு முறை விழுந்தான், நானும் பார்த்தேன். என்ன நடந்தது? நடுவர் ஊதினார். ஆட்டம் நின்றது. எதிரணிப் பிள்ளைகள்கூட ஒற்றை முழங்காலை மண்ணில் ஊன்றிக் காத்திருந்தார்கள். இரண்டு பக்க அரங்கமும் மூச்சை அடக்கிக்கொண்டது. அவன் மருத்துவரிடம் முனகியது கடைசிப் படி வரை கேட்டது! என் மகளுக்கு யார் ஊதினார்கள்? யார் முழங்காலை ஊன்றினார்கள்? யார் வாயை மூடினார்கள்? பையன் விழுந்தால் பதறுகிற ஊர், பெண் விழுந்தால் ஏன் முரசை நிறுத்துவதில்லை? அவள் சிரிக்கிறாள் என்பதாலா? சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே!

மகளைச் சேர்க்காதீர்கள் என்று சொல்ல வந்தேனா? இல்லை. என் மகள் இன்றும் சோபாவில் உட்கார்ந்தபடி கையசைத்துப் பழகுகிறாள். அவளுக்கு இருந்த மகிழ்ச்சியை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அப்படியானால், சேருங்கள் என்று சொல்ல வந்தேனா? அதுவும் என் வாயில் வராது. ஒன்றே ஒன்றைக் கேட்க வந்தேன். இந்த ஆண்டு ஒரு பெண் விழுந்தால், உட்கார்ந்தே இருங்கள். அவள் எழுந்தாலும் உட்கார்ந்தே இருங்கள். சிரித்தாலும் உட்கார்ந்தே இருங்கள். முரசு நிற்கட்டும். கூடம் அடங்கட்டும். "வலிக்குது" என்று அவள் சொன்னால் அது பயிற்சியாளரின் காதில் விழுகிற அளவுக்கு அமைதியாக இருங்கள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பேச இடம் கொடுத்த தலைவி அவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. பேசி முடித்தவனுக்கு எழுந்து நின்று கை தட்டுவீர்கள், தெரியும். வேண்டாம். நான் மேடையை விட்டு இறங்கி அந்தக் கதவைத் தாண்டும் வரை எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருங்கள், ஒரு சத்தமும் வேண்டாம். அடுத்து விழப்போவது யார் வீட்டுப் பெண் என்று இந்த அறையில் யாருக்கும் தெரியாது. அவளுக்காக இன்றைக்கே பழகிக்கொள்வோம். வணக்கம்.