கேரியரைப் பிடித்தபடி ஒரு நிமிஷம்

…சாப்பாட்டுச் செலவக்கூட பொறுத்துக்கலாம் பிரதர், இந்தச் சட்ட மடிப்புக்கு ஆவற செலவத்தான் பொறுக்க முடியல. அயர்ன் கடையில சட்டைக்கு முப்பது பைசா, பேண்ட்டுக்கு நாப்பது. ஒரு கம்பெனி வாசல்ல போயி நிக்கறதுக்குள்ள எழுவது பைசா மடிப்புலயே போயிடுது. போனா, அந்த வாட்ச்மேன் காலர்லேர்ந்து கால் வரைக்கும் ஒரு பார்வ பாத்துட்டு, ஆள் எடுக்கலங்கறான். ஆள் எடுக்கலன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா அவ்ளோ நேரம் பாக்கற? கசங்கின சட்டைக்கும் அதே பதில்தானே?

இருங்க, இருங்க, சைக்கிள எடுக்காதீங்க. ஒரே நிமிஷம். நான் கேரியரப் புடிச்சுக்கறேன், நீங்க சாவகாசமா நில்லுங்க. நான் யாருன்னே சொல்லல பாருங்க. நாகேந்திரன். திண்டிவனம். ஒங்களுக்கு முன்னாடி இந்த ரூம்ல இருந்தது நான்தான். உள்ள கெழக்குச் செவுத்துல ஒரு ஆணி இருக்குமே, அது நான் அடிச்சது. ஊர்லேர்ந்து கொண்டாந்த ஆணி. போவும்போது புடுங்கிக்கிட்டுப் போலாம்னு பாத்தேன், காரதான் பேந்து வந்துச்சு. நீங்க மாட்டிக்குங்க, பரவால்ல.

எனக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துச்சான்னு கேக்கத்தான் வந்தேன். பம்ப்பு கம்பெனிலேர்ந்து. இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ள, ரெண்டாவது மெயின் ரோட்டுல, தண்ணித் தொட்டிய ஒட்டி இருக்கு பாருங்க, அது. ஸ்டோர்கீப்பர் வேல. பேப்பர்ல வெளம்பரம் பாத்து எழுதிப்போட்டு ரெண்டு மாசம் ஆவுது. போன வாரமும் வந்தேன், பூட்டியிருந்துச்சு…

அய்யோ, அந்தக் கவர நீட்டாதீங்க. பாத்துட்டேன், பாத்துட்டேன். கையெழுத்து இங்கேர்ந்தே தெரியுது. பார்வதம்மா பொண்ணு வசந்தகுமாரி எழுதினது. என் பேர முடிக்கும்போது கடசி எழுத்துக்கு ஒரு வால் போட்டு இழுத்திருக்கும் பாருங்க, அவ எழுத்துதான். வீட்டுக்காரம்மாவுக்கு எழுதத் தெரியாது இல்லியா, வாடகச் சீட்டு, கொழாயடிச் சீட்டு எல்லாம் பொண்ணுதான் எழுதித் தரும். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஃப்யூஸ் பில்லு. வேணாம், அத நீங்களே வெச்சுக்குங்க. நீங்க குடுக்கல, நான் பாக்கல. கையில வாங்கினாத்தானே பில்லு? வாங்காத வரைக்கும் அது வெறும் காயிதம்.

என்ன ஃப்யூஸுன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, ஆனா தெரிஞ்சுக்கணும், இந்த ரூம்ல இருக்கறவரு இல்லியா. நான் என்ன பண்ணேன், மாசத்துக்கு மடிப்புச் செலவு எவ்ளோன்னு ஒரு நாள் ஒக்காந்து கூட்டிப் பாத்தேன். பதினோரு ரூபா இருவது பைசா. டீக்கு ஆனதவிட ஜாஸ்தி. சரின்னு பூந்தமல்லி வரைக்கும் நடந்தே போயி… நடந்தா எவ்ளோ தூரம் தெரியுமா? சரி, வரும்போது பஸ்ஸுலதான் வந்தேன், அயர்ன் பொட்டி கனம். கையூம் பாய்னு பழைய சாமான் கட வெச்சிருக்காரு, அவருகிட்ட பேரம் பேசி இருவத்தெட்டு ரூபாய்க்கு வாங்கினேன். மூணு மாசத்துல போட்ட காசு வந்துரும்னு கணக்கு. பாய் அப்பவே சொன்னாரு, கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும், பாத்துப் போடுங்கன்னு. நான் ராத்திரியா பகலான்னு பாக்கல. ஞாயித்துக்கெழம சாயந்தரம் போட்டேன்.

ஞாயித்துக்கெழம சாயந்தரம் பிரதர். டி.வி.ல படம். இந்த வரிசையில அஞ்சு குடித்தனம், டி.வி. பார்வதம்மா ஊட்டுல மட்டும். மொத்த சனமும் அங்கதான் ஒக்காந்திருக்கு. கல்யாணம் நிக்குமா நிக்காதான்னு படத்துல கட்டம். நான் இங்க ப்ளக்க சொருவி, ஒரு சட்ட தேச்சு முடிச்சேன். டப்புனு ஒரு சத்தம். அங்கேர்ந்து ஒரு அம்பது பேரு ஒண்ணா ஆன்னு சொன்னா எப்பிடி இருக்கும்? அப்பிடி. அந்தக் கல்யாணம் நடந்துச்சா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் என் வாசலுக்கு வந்துட்டாங்க. பார்வதம்மா ஒண்ணும் திட்டல, அதான் பயம். "இன்னா நைனா, ஊட்டுக்குள்ள இன்னா வெச்சிகினு கீற?"ன்னு மட்டும் கேட்டாங்க. கையில அயர்ன் பொட்டி. சூடு ஆறல. அத எங்க ஒளிக்கிறது? தலவாணிக்கு அடியில வெச்சேன். தலவாணி பொகையுது.

மறுநாளே காலி பண்ணிட்டேன். எலக்ட்ரீசியன் வந்து வயர மாத்தணும்னு சொன்னது காதுல வுழுந்துச்சு, அதுக்கு மேல நிக்கல. வேப்பம்பட்டுல எங்க ஊர்க்காரரு ஒருத்தரு வெளித்தாவாரத்துல எடம் குடுத்தாரு. வாடக பாதிதான். ஆனா சீசன் டிக்கெட் எடுத்தேனா, வாடகையில மிஞ்சினது அங்க போச்சு. ரயில்ல வந்தா சட்ட கசங்குது. அப்பறம் அயர்ன் பண்ண எதுக்கு… பொட்டி இருக்கு, ஆனா அங்க கரண்ட்டு இல்ல. லாந்தருதான். இருவத்தெட்டு ரூபா பொட்டிய ஊறுகா ஜாடி மேல பாரத்துக்கு வெச்சிருக்கேன்.

அதோ, சங்கு. ஒம்பதரை. நான் வாட்ச்சு கட்டறதில்ல பாத்தீங்களா. இந்த எஸ்டேட்டுல வாட்ச்சு தண்டச் செலவு. ஒம்பதுக்கு இழுத்து ஊதினா பிஸ்கட் கம்பெனி. ஒம்பதரைக்கு இப்ப ஊதிச்சே, தொண்ட கட்டினாப்புல, அது சைக்கிள் கம்பெனி. பத்துக்கு எல்லாரும் ஒண்ணா ஊதுவான், டீக்கு. அது கேட்டா எனக்கு வவுத்தெரிச்சல். உள்ள இருக்கறவனுக்கு டீ ஓசி, வெளிய வேல தேடி நிக்கறவனுக்கு அறுவது பைசா. ஞாயமாப் பாத்தா யாருக்கு ஓசியா குடுக்கணும்?

நீங்க ஏன் நெளியறீங்க? மடிப்பெல்லாம் கத்தி மாதிரி இருக்கு. ஓ, கையில ஃபைல் வேறயா. இன்டர்வியூவா? எந்தக் கம்பெனி? சரி, எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான். பத்து மணின்னு வரச் சொல்லுவான், பன்னெண்டுக்குக் கூப்புடுவான். அவசரமே வேணாம். நான் அனுபவத்துல சொல்றேன்.

இவனுங்க பண்றது ஒண்ணு ரெண்டா? அப்ளிகேஷன் போடறவன் நானு. அதுக்கு அவன் பதில் போடணும்னா கவர் நான் அனுப்பணுமாம். என் அட்ரஸ நானே எழுதி, ஸ்டாம்ப்பு நானே ஒட்டி, அத மடிச்சு உள்ள வெச்சு அனுப்பணும். எங்கயாச்சும் உண்டா? பொண்ணு பாக்க வர்றவன் டிபனையும் கட்டிக்கினு வர்ற மாதிரி. ஒரு கம்பெனிக்கு உள்ள ஒரு ஸ்டாம்ப்பு, வெளிய ஒரு ஸ்டாம்ப்பு. பதினாலு கம்பெனிக்கு அனுப்பினேன். கவருக்கு தனியா செலவழிக்கக் கூடாதுன்னு, பழைய காக்கிக் கவர உள்பக்கம் வெளிய திருப்பி நானே ஒட்டினேன். சோத்துப் பசதான். இங்கிலீசுல அட்ரஸ் எழுத என் கையெழுத்து ஒதவாது, எறும்பு மையில வுழுந்து நடந்த மாதிரி இருக்கும். இந்த வசந்தகுமாரிதான் பதினாலும் ஒக்காந்து எழுதிக் குடுத்துச்சு. பத்தாங் கிளாஸு படிக்குது, தங்கமான பொண்ணு. பம்ப்பு கம்பெனிக்கு உள்ள வெச்ச கவருல நான் அவசரத்துல ஸ்டாம்ப்ப தலகீழா ஒட்டிட்டேன். அண்ணே, ஒங்க வேல தலகீழாதான் வரும்னு சிரிச்சுது. வரவே இல்ல.

வந்தாகணும் பிரதர். வெளயாட்டு இல்ல. இந்த மாசம் முடிய இன்னும் நாலு நாளு. முடிஞ்சா நான் ஊருக்குத் திரும்பணும்னு பேச்சு. என் மச்சான் பார்த்தசாரதி, பொண்டாட்டிக்கு அண்ணன், திண்டிவனத்துல தவிட்டு மண்டி வெச்சிருக்காரு. கணக்குப்புள்ள வேலய எனக்குன்னு காலியா வெச்சிருக்காராம். தவிடு பிரதர். காலைல வெள்ள சட்ட போட்டுக்கினு போனா சாயந்தரம் ஆள அடையாளம் தெரியாது. அதக்கூட பொறுத்துக்கலாம். அவரு தெனம் சாப்பாட்டு நேரத்துல, மாப்ளய நான்தான் ஒக்கார வெச்சிருக்கேன்னு வர்றவன் போறவன் எல்லாருகிட்டயும் சொல்லுவாரு. லோகநாயகி என் சம்சாரம், ஒண்ணும் கேக்க மாட்டா. லெட்டர்ல கடசி வரியில, அண்ணன் ஒரு ஸ்டூலு வாங்கிட்டாருன்னு மட்டும் எழுதியிருக்கா. எனக்குன்னு ஸ்டூலு. உக்காரச் சொல்லாம உக்காரச் சொல்றது.

அதான் சொல்றேன், இந்தப் பம்ப்பு கம்பெனி ஒண்ணுதான் பாக்கி. மத்த பதிமூணும் இல்லன்னுட்டான். என் கவருலயே இல்லன்னு எழுதி அனுப்பறான், என் ஸ்டாம்ப்புல.

போன வாரம் என்ன ஆச்சு தெரியுமா? நீங்க இல்லன்னு திரும்பிப் போறேன். தெருக்கோடில பார்வதம்மா. "நைனா, நில்லு நைனா, கவரு கீது"ன்னு கத்திகினே ஓடியாராங்க. அந்த ஒடம்ப வெச்சிக்கினு அப்பிடி ஓடுவாங்கன்னு நான் நெனைக்கல. நானும் ஓடினேன். எறங்கி, சந்துல திரும்பி, எருமக் கொட்டாய் வழியா பூந்து… செருப்பு வாரு அறுந்து போச்சு. தெக்கறதுக்கு ஒண்ணே கால் ரூபா. ஃப்யூஸு கட்டையே அவ்ளோதான் இருக்கும், குடுத்துத் தொலைச்சிருக்கலாம். ஆனா வயரு கணக்குல என்ன எழுதியிருக்காங்களோ? அதான் இன்னிக்கு, அந்தம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பறத புளியமரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டு வந்தேன்.

இன்னிக்கு எங்கயும் போறதா இல்ல, அதான் சட்ட இப்பிடி. ரயில்ல மூட்டைக்கு நடுவுல நின்னு வந்தேன். மடிப்புச் செலவு மிச்சம். சர்ட்டிபிகேட்டு மட்டும் இந்த மஞ்சப்பையில எப்பவும் இருக்கும், வெளித்தாவாரத்துல வெச்சா கரையான்.

நீங்க என்ன, பேச வுட மாட்டேங்கறீங்க, கையக் கைய ஆட்டறீங்க? இப்ப எதுக்கு அதப் போயி… சட்டப்பையில சொருவாதீங்க பிரதர், இருக்கற மடிப்பும் போயிடும். சரி, குடுங்க, குடுத்துத் தொலைங்க. ஒங்க மேல தப்பில்ல, அந்தம்மா குடுக்கச் சொன்னாங்க, குடுக்கறீங்க. பில்ல பாக்கறேன். பாத்துட்டு இங்கயே கிழிச்சுட்டுப் போறேன். எவ்ளோ எழுதியிருக்காங்கன்னு பாப்போம், பதினஞ்சு ரூபான்னா…

காக்கிக் கவரு. பில்லுக்கு எதுக்கு ஸ்டாம்ப்பு?

தலகீழா இருக்கு.

இது… இது நான் ஒட்டின கவரு பிரதர். சோத்துப் பச. இதோ, ஒரு பருக்க அப்பிடியே காஞ்சு ஒட்டியிருக்கு பாருங்க. கொஞ்சம் இருங்க. நீங்க கிழிங்க. வேணாம், நானே. ஸ்டோர்கீப்பர் வேலைக்கு… நேர்முகத் தேர்வுக்கு… இருவத்தேழாந் தேதி. இருவத்தேழு. இன்னிக்கு என்ன? இருவத்தாறுதானே? தலய ஆட்டறீங்க, எந்தப் பக்கமா ஆட்டறீங்க? இருவத்தேழா? காலை பத்து மணிக்குன்னு இருக்கு. ஒம்பதரை சங்கு இப்பதானே… நான் அதுக்கப்பறம் என்ன பேசினேன்? ஸ்டூலப் பத்திப் பேசினேன், எருமக் கொட்டாயப் பத்தி…

எதுக்கு ஒங்க ஃபைலக் காட்டறீங்க? அதுல என்ன? அதே காயிதம். அதே பம்ப்பு கம்பெனி. நீங்களும் அங்கதானா? அட, அத நான் வந்த ஒடனே சொல்லக் கூடாதா பிரதர்? அர மணி நேரமா நிக்கறோம், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல நீங்க.

சரி, இன்டர்வியூவுல ரெண்டு பேரு எடுப்பான், கவலப்படாதீங்க. ஒருத்தர எடுத்தாலும்… அத அப்பறம் பேசிக்கலாம். ஏறுங்க. நான் ஒக்காந்துட்டேன். கேரியர் கம்பி குத்துது. மஞ்சப்பை மடியில இருக்கு. இந்தச் சட்டையத்தான் என்ன பண்றதுன்னு தெரியல, ரெண்டு மாசம் தெனம் மடிச்சுப் போட்டேன், இன்னிக்குன்னு பாத்து கோணி மாதிரி. ஒங்க முதுகுல சாஞ்சு ஒக்காந்தா கொஞ்சம் நிமிரும். ஒங்க மடிப்பு கலையாது, பயப்படாதீங்க. லேசாதான் சாயறேன்.

ஐயோ, முன்னாடி யாரு பாருங்க. பார்வதம்மா. மண்ணெண்ண டின்னோட. வலது பக்கம் திருப்புங்க. திரும்பறதுக்கு எடமில்லியா? தலயக் குனிஞ்சுக்கறேன்… பாத்துட்டாங்க. என்ன கேக்கறாங்க? லெட்டரு கெடச்சுதான்னு கேக்கறாங்க. பத்து நாளா அதக் குடுக்கத்தான் தொரத்துனாங்களாம். ஃப்யூஸா? ஃப்யூஸ அன்னிக்கே ஊட்டுக்காரரு ஒரு கம்பி வெச்சு கட்டிட்டாராம், காசு ஆவலியாம். "மகராசனா போய் வா நைனா"ங்கறாங்க. அந்தம்மாவுக்கு அந்தப் படத்தோட கதய எங்கயாச்சும் விசாரிச்சுச் சொல்லணும்.

அதோ, சங்கு. பத்து. எல்லாரும் ஒண்ணா ஊதறான்.

ஊதட்டும். நீங்க ஏன் நிறுத்தினீங்க? திரும்பித் திரும்பி என்னயப் பாக்கறீங்க. இப்பிடிப் பேசிக்கிட்டே நின்னா எப்பிடிங்க வேலைக்குப் போறது? பேசாம மிதிங்க.