ரத்த சம்பந்தம்

பேராசிரியர்: …அதுக்காக அவ்வளவு தள்ளிப் போய் உக்காரணுமா சகலை? இப்படிப் பக்கத்துல வாங்களேன்.

தலைவர்: பக்கத்துல உக்காந்தா விருந்துக்கு வந்த மாதிரி இருக்கும். இது விசாரணை. நீ எதிர்லயே இரு. கொஞ்சம் குற்றவாளி மாதிரி.

பேராசிரியர்: அது எப்படி இருக்கணும்?

தலைவர்: காலை ஆட்டாம இரு. போதும்.

பேராசிரியர்: குழுவுல இன்னும் ரெண்டு பேர் உண்டே…

தலைவர்: ஒருத்தர் மாநாட்டுக்குப் போயிருக்கார். இன்னொருத்தருக்கு முட்டி வலி. ரெண்டு பேரும் அறிக்கையில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க.

பேராசிரியர்: விசாரணையே இன்னும் ஆரம்பிக்கலையே.

தலைவர்: அதனாலதான் ஒருமனதா முடிஞ்சுது.

பேராசிரியர்: சகலை… அன்னைக்கு நீங்க மட்டும் கை குடுக்கலைன்னா இந்த ஆராய்ச்சியே…

தலைவர்: அந்தப் பேச்சை விடு.

பேராசிரியர்: நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல.

தலைவர்: நன்றி சொல்றவன் ஒருநாள் முழுக்க என்னைப் பட்டினி போட்டிருக்க மாட்டான். அதை நான் இன்னும் மறக்கல. விடுன்னா விடு.

பேராசிரியர்: சரி, சரி. ஆனா ஒண்ணு. என் விவகாரத்துக்கு உங்களையே தலைவராப் போட்டாங்களே, யாரும் ஒண்ணும் கேக்கலையா?

தலைவர்: துணைவேந்தரே கேட்டார். விதியைக் காட்டினேன். ‘குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தலைவருக்கும் ரத்த சம்பந்தம் இருக்கக் கூடாது.’ அவ்வளவுதான் விதி. நான் கட்டினது அக்காவை. நீ கட்டினது தங்கச்சியை. நமக்குள்ள ஏது ரத்தம்?

பேராசிரியர்: விதி எழுதின ஆளுக்குச் சகலைன்னு ஒரு உறவு இருக்கறதே தெரியாதா?

தலைவர்: அவரும் யாரோ ஒரு மாமனாருக்கு மாப்பிள்ளைதானே. யோசிச்சுதான் எழுதியிருப்பார்.

பேராசிரியர்: வீட்ல அக்கா ஏதாவது சொன்னாங்களா?

தலைவர்: சொல்லாம இருப்பாளா. தங்கச்சி கண்ணுல தண்ணி வந்தா எனக்கு இனிமே ஹோட்டல் சாப்பாடுதானாம். இப்பவே சர்க்கரை டப்பாவை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கா. இங்க வந்துதான் மனுஷன் மாதிரி ஒரு டீ குடிக்கறேன்.

பேராசிரியர்: சட்டையில என்ன அது… பதக்கமா?

தலைவர்: போன மாசம் ரத்ததான முகாம்ல குத்தினது. ஏபி நெகட்டிவ். இந்த வளாகத்துலயே நான் ஒருத்தன்தான். மேடையில அதைச் சொன்னதும் என்ன கைதட்டல்ங்கற.

பேராசிரியர்: இன்னைக்கு ஒரு நாள் கழட்டி வெச்சுடுங்களேன்.

தலைவர்: எதுக்கு? பாத்தா ஒரு நேர்மை தெரியுதில்ல?

பேராசிரியர்: தெரியுது… அதான்.

தலைவர்: பயந்து சாகாதே. அந்தப் பொண்ணு என்ன பண்ணிடும்? புகார் குடுத்த மறுநாளே மனநல ஆலோசகர்கிட்ட அனுப்பினோம்.

பேராசிரியர்: அவர் என்ன சொன்னார்?

தலைவர்: அவ நல்லாத்தான் இருக்கான்னு சொன்னார்.

பேராசிரியர்: அப்புறம்?

தலைவர்: ஆலோசகரை மாத்திட்டோம். அவ மேஜையையும் பழைய சாமான் அறைக்குத் தள்ளியாச்சு. பாதுகாப்புக்காக.

பேராசிரியர்: யாரோட பாதுகாப்பு?

தலைவர்: மேஜையோட பாதுகாப்புதான். உனக்கு என்ன குறை? ஆய்வு நேர்மை வாரத்துக்கு உன்னைத்தானே சிறப்புரைக்குக் கூப்பிட்டோம்.

பேராசிரியர்: நல்லாத்தான் பேசினேன். ரெண்டு பேர் அழுதாங்க.

தலைவர்: அதுல ஒருத்தி அவதான்னு சொன்னாங்க. காலடிச் சத்தம் கேக்குது பார். ரெக்கார்டரைப் போடறேன். இனிமே சகலை கிகலை எல்லாம் கிடையாது… விசாரணைக் குழு கூடியிருக்கிறது. பேராசிரியர் அவர்களே, தாங்கள் நலம்தானே?

பேராசிரியர்: நலம், தலைவர் அவர்களே. தங்களை நேரில் சந்திப்பது இதுவே முதல்…

தலைவர்: அவ்வளவு தேவையில்லை.

மாணவி: உள்ள வரலாமா ஐயா?

தலைவர்: வாம்மா… வருக. அமர்க.

மாணவி: நாற்காலி ரெண்டுதானே இருக்கு.

தலைவர்: உங்கள் அறையிலிருந்து ஒன்றைக் கொண்டு வந்திருக்கலாமே.

மாணவி: அங்க இருக்கற எதுக்கும் நாலு கால் கிடையாது ஐயா. நின்னுக்கறேன்.

தலைவர்: தங்கள் புகாரைச் சுருக்கமாகக் கூறவும்.

மாணவி: சர்க்கரை நோய்க்கு சார் ஒரு மருந்து கண்டுபிடிச்சார். நாப்பது பேருக்குக் குடுத்துப் பாத்ததா எழுதியிருக்கார். மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் அவங்க ரத்தத்தை எடுத்து வெச்சிருக்கார். உறைபெட்டியில இருந்த குழாயை எல்லாம் நான் திரும்பச் சோதிச்சேன். நாப்பது பேரும் ஒரே ஆள்.

பேராசிரியர்: மனிதர்கள் அனைவரும் ஒன்று என்பதைத்தானே அறிவியலும்…

தலைவர்: பேராசிரியர் அவர்களே, காலை ஆட்டாதீர்கள்.

மாணவி: அதுல பாதிப் பேர் பொம்பளைங்கன்னு எழுதியிருக்கு ஐயா. குழாயில இருக்கறது ஒரே ஒரு ஆம்பளை. முன்னாடி எடுத்தது வயிறு முட்டச் சாப்பிட்டு எடுத்தது. பின்னாடி எடுத்தது பட்டினி கிடந்து எடுத்தது. மருந்து அவர் வாய்க்குள்ள போகவே இல்ல.

தலைவர்: இரு, இரு. மிஷினை அணைக்கறேன்… பாரும்மா, என் மக மாதிரி நினைச்சுச் சொல்றேன். அறிக்கையில ‘கவனக்குறைவு’ன்னு போட்டாச்சு. குழாய்கள் மாறிப் போயிடுச்சு. அவ்வளவுதான்.

மாணவி: யார் மாத்தினாங்க?

தலைவர்: யாரும் மாத்தல. மாறிப் போச்சு.

மாணவி: அப்ப தண்டனை குழாய்க்குத்தானா ஐயா?

தலைவர்: பேச்சு நல்லா வருது. இந்தா, புகாரை வாபஸ் வாங்கறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடு. மேஜை பழைய இடத்துக்கு வந்துடும். வேற வழிகாட்டி தர்றோம். வர்ற வருஷமே பட்டம்.

மாணவி: போடலைன்னா?

தலைவர்: உன் ஆய்வும் அதே குழாய் மேலதானே நிக்குது? குழாய் பொய்யின்னா நீ எழுதினதும் பொய். இத்தனை வருஷப் படிப்பும் போச்சு.

மாணவி: அது எனக்குத் தெரியும் ஐயா. அடுத்த மாசம் இந்த மருந்தை ஆஸ்பத்திரியில நிஜ ஆளுங்களுக்குக் குடுக்கப் போறாங்க. அதுல எங்கம்மாவும் இருக்காங்க. எங்க சார் கண்டுபிடிச்சதுன்னு பெருமையாச் சொல்லி நான்தான் சேத்துவிட்டேன்.

பேராசிரியர்: அந்த மருந்தால கெடுதல் ஒண்ணும் வராதும்மா…

மாணவி: நல்லதும் வராதே சார். இப்ப சாப்பிடற மாத்திரையை நிறுத்திட்டுல்ல இதைச் சாப்பிடச் சொல்றாங்க. அம்மாகிட்ட போகாதேன்னு சொன்னேன். உங்க சார் பொய் சொல்வாரான்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. அறிக்கை வந்தாத்தான் நம்புவாங்க.

தலைவர்: ஏம்மா இப்படி என் ரத்தத்தைக் குடிக்கற? கையெழுத்தைப் போட்டுட்டுப் போ, உங்கம்மா பேரை மட்டும் எடுத்துடச் சொல்றேன்.

மாணவி: மத்தவங்க?

தலைவர்: மத்தவங்க யாரு உனக்கு?

மாணவி: …ஒரு சந்தேகம் ஐயா. அந்த ஒரே ஆள் யாருன்னு நீங்க இதுவரைக்கும் கேக்கவே இல்லையே.

தலைவர்: அது எதுக்கு இப்போ?

மாணவி: தெரியாதவங்க முதல்ல அதைத்தானே கேப்பாங்க.

பேராசிரியர்: நான் வேணா கொஞ்சம் வெளிய…

தலைவர்: உக்காரு நீ.

மாணவி: சரி ஐயா. பேனாவைக் குடுங்க. போடறதுக்கு முன்னாடி மிஷினைப் போட்டு ஒண்ணே ஒண்ணு தெளிவாக்கிடுங்க. விசாரணை நியாயமா நடந்ததுன்னு இருக்கணுமில்ல.

தலைவர்: இப்பத்தான் நல்ல பொண்ணு. போட்டாச்சு… கேளுங்கள்.

மாணவி: உங்களுக்கும் சாருக்கும் ரத்த சம்பந்தம் ஏதாவது உண்டா?

தலைவர்: அறவே இல்லை.

பேராசிரியர்: சகலை, அந்தப் பதக்கத்தை…

தலைவர்: பேராசிரியர் அவர்களே, குறுக்கிடாதீர்கள். நன்றாகப் பதிவாகட்டும். இந்த ஆராய்ச்சிக்கும் எனக்கும், இவருக்கும் எனக்கும், ஒரு சொட்டு ரத்த சம்பந்தம்கூடக் கிடையாது… போதுமாம்மா? போடு கையெழுத்தை. டீ வேற ஆறிப் போச்சு. அந்தச் சர்க்கரையை இப்படித் தள்ளு.

மாணவி: வேண்டாம் ஐயா. அந்த ஆளும் ஏபி நெகட்டிவ்தான்… மருந்துக்கு முன்னாடி எடுத்த நாப்பது குழாயையும் பாத்தவ சொல்றேன், நீங்க இனிமே சர்க்கரையைத் தொடவே கூடாது.