தெரியாத பேருக்கு மொத ரூமு

கத்தாதிய, கீழ டீக்கடைக்காரரு எட்டிப் பாக்காரு. மொதல்ல ஒக்காருங்க, அந்த ஸ்டூலுக்கு ஒரு காலு ஆடும், பாத்து. போன்ல உங்க வேன் சைட்டத் தொறந்தா கல்யாணப் பத்திரிக வருது, அதானே? காலையிலருந்து ஷிப்டுப் புள்ளையள்லாம் போனப் போட்டு, கல்யாணம் எங்கன, எங்களுக்கும் வேன் உண்டான்னு கேக்குதாவளா? எப்பா, சிரிக்காம என்ன செய்ய!

சரி சரி, சிரிக்கல. இந்தா கட்டிலுக்கு அடியில கெடக்குல்லா கருப்புப் பொட்டி, அதான் சர்வரு. ஆமா, ஒண்ணே ஒண்ணுதான். சுங்குவார்சத்திரம் பிரியாணிக் கடை, பிள்ளைப்பாக்கத்துல பிளாட் போட்டு விக்காரே அறிவுமதி சாரு, மாதா கோயிலு, நீங்க, எல்லாரு சைட்டும் இதுக்குள்ளதான் குடியிருக்கு. பிரியாணியும் மாதாவும் ஒரே பொட்டியிலயான்னு முழிக்காதிய. பென்னலூர்ல நான் முன்ன இருந்த ஹாஸ்டலு, நீங்க தெனம் வேனக் கொண்டாந்து நிப்பாட்டுவியளே, அதுல ஒரே கேட்டு, உள்ள வரிசையா ரூமு. கேட்டுல தளவாய் அண்ணாச்சி ஒக்காந்து யாரப் பாக்கணும்பாரு. பேரச் சொன்னா ரூமக் காட்டுவாரு. அவருக்குத் தெரியாத பேரா இருந்தா? தெரியலன்னு சொல்ல ரோசம் விடாது, மொத ரூமக் கைகாட்டிருவாரு. மொத ரூமு எங்க ரூமு. எவ வீட்டு அம்மை அப்பன் வந்தாலும் முறுக்குச் சட்டியோட எங்க வாசல்லதான் நிப்பாவ. இந்தப் பொட்டியும் அச்சு அசல் அண்ணாச்சிதான்.

இப்பம் நீங்க சொல்லுங்க. சைட்டுக்குப் புதுப் பேரு வாங்கினியளா? வாங்கி, நீங்களே என் பொட்டிக்குத் திருப்பி விட்டியளா? கூட்டாளி செஞ்சு குடுத்தானா? நல்லாருக்கு! கேட்டு வாசலு வரைக்கும் ஆளக் கூட்டியாந்துட்டு, கேட்டுல ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? ஏங்கிட்டச் சொல்லிருந்தா பொட்டியில அந்தப் பேர எழுதிருப்பேன். எழுதல, அதுக்கு ஆளத் தெரியல, மொத ரூமுக்கு அனுப்பிட்டு. அங்கனதான் அந்தப் பத்திரிக கெடக்கு. ரெண்டு நிமிசத்துச் சோலி, இப்பமே சரி பண்ணிருதேன்.

பெறவும் ஏன் மொகம் தொங்குது? வேன் கவல மாரித் தெரியலயே. என்னது, மாப்ள யாரா? அது வந்து, மாடலுக்குச் செஞ்சது. கஸ்டமரு கேட்டாக் காட்டணும்லா. மாடல்ல எதுக்குப் பாண்டிச்செல்வின்னு என் பேரா? ஏதோ ஒரு பேரு போடணும்லா!

ஐயோ, எந்திரிக்காதிய. வாழ்த்துன்னு வேற சொல்லுதியளா, அதுவும் அந்தக் கொரல்ல? செல்போன் கம்பெனி லைன் வேலைய நான் விட்டப்பம் எல்லாரும் கிறுக்கின்னாவ. நீங்கதான், இன்னா இப்ப, எனுக்கு ஒரு சைட்டு போட்டுக் குடும்மேன்னு வந்து நின்னிய. உங்ககிட்டப் பொய் சொல்ல வாய் வர மாட்டேங்கு.

பொண்ணு பேரப் பாத்ததும் மூடிட்டியளாக்கும். பத்திரிகைய அப்பிடியா படிப்பாவ? உங்க வேன்ல ஏறுத புள்ளையள்லாம் கடைசி வரைக்கும் வாசிச்சிட்டுத்தான் உங்களுக்குப் போனப் போட்டிருக்கு. பின்ன, கல்யாணம் எங்கனன்னு ஊரு பூரா உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?

எடுங்க போன. தொறங்க. கீழ தள்ளுங்க, இன்னுங் கொஞ்சம். தேதியும் மண்டபமும் காலியாத்தான் இருக்கும், அத விடுங்க. மணமகன்னு போட்ட எடத்துக்கு வாங்க.

சத்தமா வாசிக்காதிய, கீழ டீக்கடைக்குக் கேக்கும். ம், டில்லிபாபுன்னு உங்க பேருதான் போட்டிருக்கு. இப்பம் சொல்லுங்க, உங்க புதுப் பேரப் பொட்டியில எழுதட்டா, இல்ல பத்திரிகையில தேதிய எழுதட்டா?