ஈரம் ஏறிய பொடி

—இந்தப் பச்சைய எடுத்துக்க மோகனா. உன்ற நெறத்துக்கு எடுப்பா இருக்கும்.

—நான் சீல வாங்க வரலீங்க கோகிலாக்கா.

—எளம்பிள்ளைல தறிக்காரரு ஊட்டுக்கு வந்துட்டு சீல வேண்டாங்கறியே! பின்ன அஞ்சு வருசங்கழிச்சு எதுக்கு வந்த? கல்யாணப் பத்திரிகையா?

—அட, இல்லீங்க... அடுத்த வாரம் எனக்கு வைவா. டாக்டர் பட்டத்துக்கு.

—சோடியம் பேட்டரிதான?

—ஆமாங்க. நம்ம லேப்ல நீங்க செஞ்ச, பேட்டரியோட நேர்முனைக்குப் போடற அதே கேத்தோடு பொடிதான். அதே நிக்கல், அதே மாங்கனீசு. முந்நூறு தடவ சார்ஜ் ஏத்தி எறக்கியும் எம்பது சதவீதம் நிக்குது.

—என்றது இருவதுலயே படுத்துக்கிச்சு.

—அக்கா...

—ஸ்ட்ரக்சர் நிக்குதா? சோடியம் வெளிய போறப்ப பொடிக்குள்ள அணு அடுக்குன தட்டு சரியலையா?

—சரியலீங்க. உங்குளுதும் செஞ்ச அன்னைக்கு எடுத்த படத்துல நல்லாத்தான் இருந்துச்சு.

—உடு, பழைய கதை. மோரக் குடி.

—எப்புடிங்க உடறது? 'இருவதுல படுத்த பொடிக்கு இத்தன நல்ல எக்ஸ்ரே படமா? இது உன்ற பொடியோடதே இல்ல, எங்க திருடுன'ன்னு எல்லாருத்துக்கும் முன்னால நம்ம கைடு சார் கேட்டாருல்ல... நானும் அங்கதான நின்னேன். வாயத் தொறக்கல.

—நீ என்ன பண்ணுவ சாமி?

—பண்ணுனதே நாந்தானுங்க.

—மோரு அப்புடியே இருக்குது பாரு, குடி.

—ஈரம் படாம ஆர்கான் வாயு அடச்ச பெட்டிக்குள்ள இருந்த உங்க பொடி டப்பாவ எடை போட வெளிய எடுத்தேன். மூட மறந்து மேசைல உட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். ஐப்பசி மழை... விடியற வரைக்கும் ஈரக்காத்து.

—இது என்ன காயிதம்?

—நீங்க படிப்ப உட்டுட்டுப் போன பொறகு, மிச்சப் பொடிய எக்ஸ்ரே படம் எடுத்தேன். பதினாறு டிகிரில மட்டும் வர வேண்டிய பீக்கு, இந்தக் கூர் முகடு... பன்னெண்டரைலயும் ஒண்ணு நிக்குது பாருங்க.

—தட்டுக்கு நடுவால தண்ணி பூந்திருக்குது.

—ஆமாங்க. பூந்து, தட்டையே வெலக்கி உட்டிருக்குது. உங்க மேல தப்பே இல்லீங்க. தெரிஞ்சும் இத இத்தன வருசமா பூட்டி வெச்சிருந்தேன். போன் போட்டா நீங்க எடுக்கல... கண்டுபுடிச்சுட்டீங்கன்னுதான் நெனச்சேன்.

—அழுவாத புள்ள.

—ரெண்டு அறையாவது அறைங்கக்கா. நாளைக்கே சார்கிட்டச் சொல்லிப்போடறேன்.

—சொன்னீன்னா... ரெண்டு பேருதையும் சேத்துத்தான் சொல்லோணும்.

—உங்குளுதுல சொல்ல என்னங்க இருக்குது?

—அன்னைக்குக் காலைல மொதல்ல வந்தது நானு. டப்பா தொறந்து கெடந்துச்சு. எடை நோட்டுல உன்ற கையெழுத்து. மறுபடி பொடி செய்ய பதினஞ்சு நாளாவும், வெள்ளிக்கெழம ரிசல்ட் காட்டோணும்... மூடியப் போட்டு, அந்தப் பொடியவே வெச்சு பேட்டரி செல்லுக் கட்டுனேன். பொடி பெட்டிய உட்டு வெளிய வரவே இல்லீங்கன்னு சார்கிட்டச் சத்தியமும் பண்ணுனேன். உன்ற பேரச் சொன்னா என்ற பொய்யும் வெளிய வந்துருமே... உன்மேல கோவத்துல இல்ல சாமி, வெக்கத்துலதான் போன எடுக்கல.