எலுமிச்சம்பழப் போட்டியில் முதலில் வந்தவர்

புள்ளிவிவரமெல்லாம் போதுங்க. மகளிர் தினம்னா நூத்துக்கு எத்தனை பேர்னு சொல்லியே பொழுது போயிடுது. கைக்குள்ள அடங்கற மாதிரி ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க... கதைன்னா கட்டுக்கதை இல்ல. நாமக்கல்லுல, எங்க தெருவுல, நான் இருக்கும்போது நடந்தது.

ஜெயபாரதின்னு ஒரு அம்மா. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு வீட்டுக்குப் பின்னாடி புல்தரையில விழா வச்சாங்க. பந்தல் என்ன, பலூன் என்ன, போட்டோ எடுக்கத் தனியா ஒரு ஊஞ்சல் என்ன... சாயங்காலம் நாலு மணிக்கு விளையாட்டு. பக்கெட்டுல பந்து போட்டோம், வளையம் வீசினோம், மியூசிக்கல் சேர்ல ரெண்டு நாற்காலிய உடைச்சோம். கடைசியா பெண்களுக்கு லெமன் ஸ்பூன்.

ஜெயபாரதியோட தம்பி ரவீந்திரன் கையில மைக். "லேடீஸ் எல்லாரும் வாங்க, யாரும் உக்காரக் கூடாது, எல்லாரும் வாங்க!" எல்லாரும்னு சொன்னார். கவனிச்சீங்களா? எல்லாரும்.

ஓரமா தமயந்தி உக்காந்திருந்தா. ஜெயபாரதிக்கு ஓரகத்தி, கொழுந்தனோட சம்சாரம். அந்தக் கொழுந்தன் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கறா. ரெண்டு வருஷமா ஒரு விசேஷத்துக்கும் போகாதவ, அன்னைக்குத்தான் வந்திருந்தா.

நான்தான் போய்க் கையப் பிடிச்சு இழுத்தேன். "வா புள்ள, விளையாடலாம்."

"வேண்டாங்க்கா... யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க."

"எவ சொல்றான்னு நானும் பார்க்கறேன், எந்திரி." வீராப்பா சொன்னேங்க. மேடையில பேசறவ இல்லையா, வாய்க்கு என்ன பஞ்சம்?

பதினாறு பேர் வரிசையில நின்னோம். ஸ்பூன் காம்பைப் பல்லுல கடிச்சிக்கிட்டு, மேல எலுமிச்சம்பழத்த வச்சிக்கிட்டு நடக்கணும். நாலு எட்டுல பாதிப் பேர் பழம் கீழ. சிரிப்பு தாங்காம ஒருத்தி ஸ்பூனையே துப்பிட்டா. தமயந்தி மட்டும் தலைய அசைக்காம நடக்கறா. நாள் முழுக்க ரத்தம் எடுத்த டியூப் அடுக்கின தட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கறவளாச்சே, சிந்தாம நடக்கறது அவளுக்குப் பழக்கம். கோட்டைத் தாண்டிட்டா. முதல் ஆள். எனக்கும் அவளுக்கும் பத்தடி இடைவெளி. பழத்தைக் கையில எடுத்துக்கிட்டு எங்களையெல்லாம் பார்த்துச் சிரிச்சா பாருங்க... ரெண்டு வருஷத்துல அவ பல்லு தெரியச் சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

பரிசுத் தட்டு வந்துச்சு. மஞ்சள், வளையல், ரவிக்கைத் துணி... நடுவுல வெள்ளியில குங்குமச்சிமிழ்.

ஜெயபாரதி தட்டைப் பார்க்கறாங்க, தமயந்தியப் பார்க்கறாங்க. தம்பி காதுல ஏதோ சொல்றாங்க. அந்த மனுஷன் மைக்கை அணைக்கலைங்க. ஸ்பீக்கர்ல தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. "அவளுக்கு எப்படிடா குங்குமச்சிமிழ் குடுக்கறது? அடுத்து வந்தவங்களக் கூப்பிடு."

அடுத்த நிமிஷம் ரவீந்திரன் ஜோராச் சொல்றார். "முதல் பரிசு... நம்ம சுலோச்சனா டீச்சர்!"

ஆமாங்க. நான்தான்.

தமயந்தி அழல. நேரா மைக்குக்கிட்ட வந்தா. "பரிசு எனக்கு வேண்டாங்க. ஜெயிச்சது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

"அட, விளையாட்டுத்தானே தமயந்தி..."

"விளையாட்டுத்தானேங்க. அப்பச் சொல்லிடலாமில்ல?"

ஜெயபாரதி சொல்றாங்க, "நல்ல நாளும் அதுவுமா ஏன் புள்ள இப்படிப் பண்ற?" அவ்வளவுதான். பாட்டைச் சத்தமா போட்டுட்டாங்க.

நான் என்ன பண்ணேன்? எவ சொல்றான்னு பார்க்கறேன்னு சொன்னவ... கைய நீட்டி வாங்கினேங்க. போட்டோவுக்கும் நின்னேன். பக்கத்து வீட்டு உறவு கெட்டுடக் கூடாதேன்னு நின்னேன்.

ஞாயித்துக்கிழமை சிமிழ எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். "இது உன்னோடது புள்ள, வச்சிக்கோ"ன்னேன். அவ காப்பி போட்டுக் குடுத்தா. மரியாதையாத்தான் பேசினா. "சாமான் எனக்கு எதுக்குக்கா? அந்தக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். இப்ப நம்ம ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது குடுக்கறீங்க"ன்னா.

இப்ப உங்களைக் கேக்கறேன். செத்தது அவ புருஷன். அவ நடந்த நடை செத்துப்போச்சா? பல்லுல ஸ்பூனக் கடிச்சிக்கிட்டு நடக்கற விளையாட்டுல, புருஷன் இருக்கானா இல்லையான்னு எலுமிச்சம்பழம் கேட்டுச்சா? பழம் கேக்கல, கோடு கேக்கல. நாமதான் கேட்டோம். எரியுதுங்க எனக்கு, ஜெயபாரதி மேல மட்டுமில்ல. அவங்க ஒருத்தங்கதான் வாய் திறந்து சொன்னாங்க. பாக்கிப் பேர் நாங்க கை தட்டினோம். அறுபது பேர் இருந்தோம், ஒருத்தர் "அது தப்பு"ன்னு சொல்லியிருந்தா அந்தப் பாட்டு நின்னிருக்கும். அநியாயம் பண்றதுக்கு ஒரு ஆள் போதுங்க. ஆனா அது நிலைச்சு நிக்கணும்னா நம்ம மாதிரி நல்லவங்க அறுபது பேர் வேணும்.

உங்க வீட்டு விசேஷத்துலயும் ஓரமா ஒருத்தி உக்காந்திருப்பா. விளையாடக் கூப்பிடறது பெரிய விஷயமில்ல, நானும் கூப்பிட்டேன். ஜெயிச்சா சொல்லுவீங்களா? அத முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க.

தமயந்தி இன்னைக்கு இங்க வரல. நான் கூப்பிட்டேன், வரலைன்னுட்டா. அதனால என்ன... கூட்டம் இருக்கு, மைக் என் கையில இருக்கு. நாமக்கல், லெமன் ஸ்பூன் போட்டி, பெண்கள் பிரிவு. இரண்டாவதா வந்தது சுலோச்சனா. முதல்ல வந்தது... தமயந்தி.