நாய்க்குப் புள்ளி ஒன்பது

இல்லப்பா, இந்தக் கணக்க எனக்கு மொதமொதல்ல சொன்னது என் மூத்தவன் டேரன்தான். போன ஈஸ்டருக்கு மறுநாள், மிச்சமிருந்த கோழிக்கறியச் சாப்பிட்டுக்கிட்டே சொன்னான். ஷா ஆலம் காலேஜுல கணக்கு வாத்தியார் அவன். அம்மா, நீங்க கிள்ளான்ல தனியா இருந்தது போதும், உங்களுக்கு எந்த ஊர்ல வீடு பாக்குறதுன்னு நமக்குள்ள சண்டை வேணாம், கணக்கே சொல்லட்டும்னான்.

நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி, நான் பின்னால இருந்தே சொல்றேன்.

அந்தக் கணக்குல மட்டம் மட்டமா ஆள் இருக்குமாம். மேல்மட்டத்துல டேரன். அவன் மொதல்ல தன் ஆசையச் சொல்லி, எதுவரைக்கும் விட்டுக்கொடுப்பேன்னும் எழுதிடணும். கீழ உள்ளவங்க அந்த எல்லைக்குள்ளதான் ஆசைப்படலாம். அடுத்து என் மக விவியன், பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கா. அவளுக்குக் கீழ டேரனோட நாய். நாய்க்குக் கீழ நான்.

சிரிக்காதீங்க லா. பகல்ல அத நான்தான பாத்துக்கணும்? அதுக்கும் ஆசை இருக்காம்.

வேணும், வேணாம்னு பட்டுனு சொல்லக்கூடாது. ரொம்பப் பிடிச்சா ஒன்னு, பிடிக்கவே இல்லன்னா சைபர், நடுவுல எவ்வளவு மனசோ அவ்வளவு, பாதி மனசுன்னா புள்ளி அஞ்சு. டேரனுக்கு அவன் வீட்டுலேர்ந்து கார்ல பதினஞ்சு நிமிஷம்னா ஒன்னு, ஒரு மணி நேரம்னா சைபர். பக்கத்து வீடுன்னாலும் சைபர், அது மருமக போட்டது. விவியனுக்கு எல்ஆர்டி ரயில் கிட்ட இருக்கணும். நாய்க்குப் புல்லு வேணும், பூனை இருக்கக்கூடாது.

கம்ப்யூட்டர் ரெண்டு நாள் ஓடுச்சு. மொத தடவ எந்த எடத்தக் காட்டுச்சு தெரியுமா? பெடரல் ஹைவேயில, மோட்டார் சைக்கிள் போற பாதை! டேரன் நேர்ல போயே பாத்துட்டு வந்தான். எல்லாருக்கும் புள்ளி எட்டுக்குக் கொறையலம்மா, வீடுதான் இல்லன்னு வருத்தப்பட்டான். அப்புறம் வீடு இருக்கணும்னு ஒரு வரி சேத்துவிட்டான். சுபாங் ஜெயா வந்துச்சு. பியானோ கிளாஸுக்கு மேல, மூனாவது மாடி. எதுத்தாப்புல பாடாங், பெரிய புல்லுத் திடல் இருக்கு, நாய் ஓடலாம். டேரனுக்குப் புள்ளி ஏழு, விவியனுக்குப் புள்ளி ஏழு, நாய்க்குப் புள்ளி ஒன்பது.

எனக்கா? எனக்கு ஒன்னு. கிள்ளானுக்கும் ஒன்னு, சுபாங்குக்கும் ஒன்னு, ஹைவே நடுவுக்கும் ஒன்னு. அவன் கேட்டப்ப, எதுன்னாலும் எனக்குச் சரிப்பான்னேன். அப்படியே எழுதிக்கிட்டான், பாவம். அவன் மேல தப்பில்ல. காலைல எந்திரிச்சதும் ஆண்டவரே உம்முடைய சித்தம்னு சொல்லிச் சொல்லிப் பழகுன நாக்கு, பிள்ளைங்ககிட்டயும் அதையே சொல்லிருச்சு.

இல்லல்ல, சாமான்லாம் இன்னும் ஏத்தல. இன்னிக்கி அந்த சுபாங் வீட்டுக்குக் கையெழுத்துப் போடத்தான் போறேன். டேரன் அங்க காத்துக்கிட்டு இருக்கான். எங்கம்மா மாதிரி லேசான கணக்கு உலகத்துலயே இல்லன்னு கிளாஸுலகூடச் சொன்னானாம்.

கிள்ளான்ல என்ன இருக்கா? ஒன்னுமில்ல தம்பி. விடிஞ்சதும் மாதா கோயில் பூசைக்கு யார் தயவும் இல்லாம நடந்தே போயிட்டு வருவேன். அம்புட்டுதான்.

அந்தப் புள்ளிக் கணக்கப் போனுல அனுப்பி, மாத்தணும்னா நாலு மணிக்குள்ள மாத்திடுங்கன்னு சொல்லியிருக்கான். கடைசிக் கட்டம் என்னோடது. அவன் பொறந்ததுலேர்ந்து நான் அவனுக்கு ஒரு வேணாம் சொன்னதில்ல, அதான் விரல் ஓடல.

அந்தப் பெட்ரோல் ஸ்டேசன்ல செத்த நிறுத்துங்க தம்பி. இந்தாங்க போன், சுபாங்குக்கு நேரா என் ஒன்ன அழிச்சிட்டு, சைபர் போட்டு அனுப்பிடுங்களேன்.